பசுவும் கணக்கும்: மார்வின் ஹாரிஸின் பண்பாட்டுப் பொருள்முதல்வாதமும் இந்தியக் கால்நடை விவாதமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க மானிடவியலாளர் மார்வின் ஹாரிஸ் (1927–2001) உருவாக்கிய பண்பாட்டுப் பொருள்முதல்வாதம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சமூக அறிவியலில் பெரும் விவாதத்தை எழுப்பிய கோட்பாடுகளுள் ஒன்று. இந்தியாவின் பசுக்கொலைத் தடையை விளக்க அவர் 1966இல் எழுதிய கட்டுரையே அக்கோட்பாட்டின் முதன்மைச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இக்கட்டுரை அவ்விவாதத்தின் வரலாற்றைத் தொகுத்துரைத்து, 1966க்குப் பிந்தைய இந்திய நிகழ்வுகளைக் கொண்டு கோட்பாட்டை மீண்டும் சோதிக்கிறது. மாடுகளின் பாலின விகிதம் குறித்த ஹாரிஸின் கணிப்பு பெரிதும் மெய்ப்பட்டுள்ளது. ஆனால் விலக்கின் போக்கு குறித்த எதிர்பார்ப்பு மெய்ப்படவில்லை. ‘பயன்’ என்னும் அவரது கணக்கு அப்பயனுக்காக உழைத்த சாதியினரின் குரலைப் புறந்தள்ளியதே அக்கோட்பாட்டின் அடிப்படைக் குறை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பண்பாட்டுப் பொருள்முதல்வாதம், மார்வின் ஹாரிஸ், அடிக்கட்டுமானம், அகநோக்கு, புறநோக்கு, பசுக்கொலைத் தடை, அம்பேத்கர்.

முன்னுரை

ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில் இயங்கிய வேளாண் வல்லுநர் குழு ஒன்று, இந்தியாவின் உணவு நெருக்கடி குறித்து 1959இல் அறிக்கை அளித்தது. கிடைக்கும் தீவனத்தோடு ஒப்பிட்டால், இந்திய மாடுகளுள் மூன்றில் ஒரு பங்கோ, பாதியளவோகூட மிகையானவை என்று அவ்வறிக்கை கருதியது. இக்கருத்து புதியதன்று. 1928இல் வெளிவந்த வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் அறிக்கையும், எண்ணிக்கை பெருகத் தரம் குன்றுவதும் தரம் குன்ற எண்ணிக்கை மேலும் பெருகுவதுமான ஒரு நச்சுச் சுழலைச் சுட்டியிருந்தது. உண்ண உணவில்லாத நாடு கோடிக்கணக்கான மாடுகளைக் கொல்லாமல் காப்பது சமயப் பற்றினால் விளைந்த அறிவுக்கு ஒவ்வாச் செயல் என்பதே ஆட்சியாளர், பொருளியலாளர் பலரின் பொதுத் தீர்ப்பாக இருந்தது.

1966இல் ஹாரிஸ் இத்தீர்ப்பைத் தலைகீழாக்கினார். மாடு பயனற்றது என்ற முடிவு, மேலைநாட்டுப் பால்பண்ணையையும் இறைச்சிப் பண்ணையையும் அளவுகோலாகக் கொண்டதால் எழுந்தது என்றார். இந்தியச் சிற்றுழவரின் ஏரையும் அடுப்பையும் அளவுகோலாகக் கொண்டால் கணக்கு வேறாகும் என்பது அவர் வாதம். அவ்வாதம் எங்ஙனம் ஒரு கோட்பாடாக வளர்ந்தது, எதிர்ப்புகளை எவ்வாறு எதிர்கொண்டது, பின்னாளைய வரலாறு அதற்கு என்ன விடை தந்தது என்பனவற்றை இக்கட்டுரை வரிசையாக ஆராய்கிறது.

கோட்பாட்டின் தோற்றம்

ஹாரிஸ் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1953இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே 1980 வரை பணியாற்றிப் பின்னர் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் சென்றார். ஃபிரான்ஸ் போவாஸ் வளர்த்தெடுத்த கொலம்பியா மரபு, ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் தனித்தன்மையோடு விவரிப்பதை முதன்மையாகக் கொண்டது. பொது விதிகளைத் தேடுவதில் அது தயக்கம் காட்டியது. ஜூலியன் ஸ்டூவர்ட் முன்வைத்த பண்பாட்டுச் சூழலியலும், லெஸ்லி ஒயிட் முன்வைத்த ஆற்றல் நுகர்வு அடிப்படையிலான படிமலர்ச்சிக் கொள்கையும் அத்தயக்கத்தை உடைக்க முயன்றன. ஹாரிஸ் இவ்விருவரின் வழியைத் தொடர்ந்தவர்.

அவரது தொடக்கக்காலக் களப்பணி பிரேசிலில் நிகழ்ந்தது. 1956–57இல் அவர் போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த மொசாம்பிக்கில் ஆய்வு செய்தார். அங்கு ஆப்பிரிக்கரின் உழைப்பு வலிந்து பெறப்பட்ட முறையை நேரிற்கண்டு, அதனைக் கண்டித்து 1958இல் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். மக்கள் தம் வாழ்வைப் பற்றிக் கூறும் விளக்கங்களினும், அவ்வாழ்வை வரையறுக்கும் உழைப்பு, உணவு, அதிகாரம் ஆகியவற்றின் மேல் அவர் கவனம் திரும்பியதற்கு இப்பட்டறிவும் ஒரு காரணமாகலாம்.

‘பண்பாட்டுப் பொருள்முதல்வாதம்’ என்னும் பெயர், மானிடவியல் கோட்பாடுகளின் வரலாற்றை விரித்துரைக்கும் அவரது 1968ஆம் ஆண்டு நூலில்தான் நிலைபெற்றது. 1979இல் அப்பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் கோட்பாட்டை முழுமையாக வகுத்தது. பசு குறித்த கட்டுரை 1966இலேயே வந்துவிட்டது என்பது இங்கு கருதத்தக்கது. எடுத்துக்காட்டு முந்தியது, பெயர் பிந்தியது. இக்கோட்பாட்டின் வலிமையும் வலுக்குறைவும் அந்த எடுத்துக்காட்டிலேயே பொதிந்திருப்பதற்கு இவ்வரிசை ஒரு குறிப்பாகும்.

கோட்பாட்டின் கட்டமைப்பு

ஹாரிஸ் சமூகத்தை மூன்று அடுக்குகளாகப் பகுத்தார். முதலாவது அடிக்கட்டுமானம். உணவையும் ஆற்றலையும் பெறும் உற்பத்தி முறையும், மக்கள்தொகையைப் பெருக்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் மறுஉற்பத்தி முறையும் இதில் அடங்கும். இரண்டாவது அமைப்பு. குடும்பப் பொருளாதாரமும் அரசியல் பொருளாதாரமும் இதன் கூறுகள். மூன்றாவது மேற்கட்டுமானம். கலை, சடங்கு, விளையாட்டு, சமயம், கருத்து ஆகியன இதன்பாற்படும். அடிக்கட்டுமானத்தில் நிகழும் மாற்றமே ஏனைய இரண்டினையும் பெரும்பாலான சூழல்களில் தீர்மானிக்கும் என்பது கோட்பாட்டின் மையவிதி. ‘பெரும்பாலான சூழல்களில்’ என்னும் அடையை ஹாரிஸ் கருதியே சேர்த்தார். இது விலக்கில்லா விதியன்று, நிகழ்தகவு சார்ந்தது. எனவே ஆய்வாளர் முதலில் அடிக்கட்டுமானத்தில் காரணம் தேடவேண்டும். அங்குக் கிடையாதபோதே மற்ற அடுக்குகளை நாடவேண்டும்.

கார்ல் மார்க்சிடம் அவர் பட்ட கடன் வெளிப்படையானது. எனினும் ஹெகல் வழிவந்த இயங்கியலை அவர் ஏற்கவில்லை. மார்க்சு மறுத்த மால்தசின் மக்கள்தொகைச் சிந்தனையை அடிக்கட்டுமானத்துள் கொணர்ந்தார். மார்க்சியர் பலர் அவரைக் கொச்சைப் பொருள்முதல்வாதி என்று கடிந்ததும், மார்க்சியத்தை விரும்பாதோர் அவரை மார்க்சியராகக் கருதியதும் இதன் விளைவுகள்.

தமிழ் ஆய்வுலகில் இப்பெயர் மயக்கம் தரக்கூடியது. இலக்கியத் திறனாய்வில் ரேமண்ட் வில்லியம்ஸ் 1977இல் இதே சொற்றொடரைப் பயன்படுத்தினார். அவர் குறித்தது, பண்பாடும் இலக்கியமும் தாமே சமூக உற்பத்திச் செயல்கள் என்னும் கருத்து. ஹாரிஸின் கோட்பாட்டோடு அதற்கு நேரடி உறவில்லை. அவ்வாறே நா. வானமாமலை, க. கைலாசபதி, கா. சிவத்தம்பி ஆகியோர் தமிழ் வழக்காறுகளையும் இலக்கியத்தையும் சமூக அடித்தளத்தோடு பொருத்திக் கண்ட ஆய்வுகள் மார்க்சிய வரலாற்றுப் பொருள்முதல்வாதத்தின் வழியில் எழுந்தவை. இம்மூன்றையும் ஒன்றாக மயங்காமை வேண்டும்.

மற்றொரு கருவி அகநோக்கு, புறநோக்கு என்னும் பாகுபாடு. மொழியியலாளர் கென்னத் பைக் 1954இல் ஒலியன், ஒலி என்னும் வேறுபாட்டிலிருந்து ‘எமிக்’, ‘எட்டிக்’ என்னும் சொற்களைப் படைத்தார். ஹாரிஸ் அவற்றைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொண்டார். ஒரு பண்பாட்டினர் தம் செயலுக்குத் தாமே தரும் விளக்கம் அகநோக்கு; வெளியிலிருந்து காண்போர் தம் கருத்தாக்கங்களாலும் அளவைகளாலும் கண்டறிவது புறநோக்கு. இரண்டும் முரண்படுமிடத்தில் அறிவியல் விளக்கம் புறநோக்கிலிருந்தே தொடங்கவேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

1966: கேள்வி திரும்பியது

‘கரண்ட் ஆந்த்ரோபாலஜி’ இதழில் வந்த 1966ஆம் ஆண்டுக் கட்டுரையை ஹாரிஸ் இந்தியக் களப்பணி ஏதுமின்றி, அச்சில் கிடைத்த அறிக்கைகளையும் புள்ளிவிவரங்களையும் மட்டுமே கொண்டு எழுதினார். இதனை அவர் மறைக்கவில்லை. இந்திய மாடுகளைப் பற்றிய எழுத்துகளில் விந்தைக்கும் சமயத்துக்கும் தரப்பட்ட முதன்மை மிகையானது. பொருளியல் பயன்களுக்குத் தரப்பட்ட கவனம் குறைவானது என்பதே அவர் முறையீடு.

அவர் வாதத்தின் அச்சாணி எருது. பருவமழையை நம்பிய வேளாண்மையில் எல்லா உழவருக்கும் ஒரே நேரத்தில் ஏர்மாடு தேவைப்படும். ஆகவே இரவல் வாங்கியோ கூட்டாக வைத்தோ சமாளிப்பது அரிது. 1974இல் பொது வாசகர்க்காக எழுதிய நூலில் இவ்வாதத்தை எண்களால் விளக்கினார். ஏறத்தாழ 6 கோடிப் பண்ணைகளுக்கு ஒரு சோடி வீதம் 12 கோடி உழவு விலங்குகள் வேண்டும். இருந்தவையோ 8 கோடி. இக்கணக்கின்படி இந்தியாவில் மாட்டு மிகை இல்லை. எருதுப் பற்றாக்குறையே உண்டு. நாளுக்கு ஓரிரு படி பால் மட்டுமே தரும் மெலிந்த பசு, அடுத்த எருதை ஈன்று தரும் ‘தொழிற்சாலை’யாகிறது.

அடுத்தது சாணம். ஆண்டுதோறும் திரட்டத்தக்க சாணத்தை 70 கோடி டன் என அவர் கணக்கிட்டார். அதில் ஏறத்தாழப் பாதி எருவாகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி வரட்டியாக அடுப்பெரிக்கிறது. அவ்வரட்டிக்கு ஈடாக மண்ணெண்ணெய் எனில் 2.7 கோடி டன்னும், நிலக்கரி எனில் 3.5 கோடி டன்னும், விறகு எனில் 6.8 கோடி டன்னும் வேண்டும் என்றார். மூன்றாவது தீவனம். வைக்கோல், உமி, தவிடு, வரப்போரப் புல் என மனிதர் உண்ணாதவற்றையே மாடு உண்கிறது. ஆதலால் அது மனிதரோடு உணவுக்குப் போட்டியிடுவதில்லை. மேற்கு வங்கத்தின் சிங்கூர் வட்டாரத்தில் களஆய்வு செய்த ஸ்டூவர்ட் ஓடெண்டால், உட்கொண்ட ஆற்றலுள் 17 விழுக்காடு பயன்பொருளாக மாறுகிறது என்று 1972இல் வெளியிட்டார். அமெரிக்க மேய்ச்சல்நில இறைச்சிமாடுகளுக்கு இது 4 விழுக்காடே. இது ஹாரிஸுக்குப் பெருந்துணையாயிற்று.

இவற்றின்மேல், விலக்கு ஆற்றும் பணியை ஹாரிஸ் இவ்வாறு விளக்கினார். வறட்சிக் காலத்தில் பசியுற்ற உழவர் தம் மாட்டைக் கொன்று தின்னவோ விற்கவோ தூண்டப்படுவர். அவ்வாறு செய்தோர் மழை திரும்பியபின் உழ இயலாமல் நிலத்தையும் இழப்பர். பசு புனிதமானது என்னும் நம்பிக்கை, குறுங்காலத் தூண்டுதலிலிருந்து நெடுங்கால வாழ்வாதாரத்தைக் காக்கிறது.

சொல்லும் செயலும்: கேரளத்துக் கன்றுகள்

அகநோக்கு, புறநோக்கு முரணுக்கு ஹாரிஸ் தந்த புகழ்பெற்ற சான்று கேரளத்திலிருந்து வந்தது. பின்னாளில் திருவனந்தபுரம் மாவட்டத்து உழவர்களை அவர் நேரில் வினவினார். கன்றை எந்நிலையிலும் கொல்லவோ பட்டினியிடவோ மாட்டோம் என்றே ஒவ்வொருவரும் உறுதி கூறினர். ஆனால் ஒரு வயதுக்குட்பட்ட கன்றுகளில் 100 கிடாரிகளுக்கு 67 காளைக்கன்றுகளே இருந்தன. காளைக்கன்று இயல்பாகவே நோஞ்சான், குறைவாகத் தின்னும் என்பன உழவர் தந்த விளக்கங்கள். உத்தரப்பிரதேசத்திலோ நிலைமை நேர்மாறு. அங்கு 100 பசுக்களுக்கு 200க்கும் மேற்பட்ட எருதுகள் இருந்தன. உழவுக்கு எருது மிகவும் வேண்டப்படும் கங்கைச் சமவெளியில் காளைக்கன்று பிழைக்கிறது. எருதின் தேவை குறைந்த கேரளத்தில் அது தாய்மடியிலிருந்து முன்னதாகவே விலக்கப்படுகிறது என்பது ஹாரிஸின் விளக்கம். அதாவது, கொல்லாமை என்னும் விதி மனத்தில் நிற்க, தேர்ந்தெடுத்து நீக்குதல் என்னும் வழக்கம் தொழுவத்தில் நடக்கிறது. அ. வைத்தியநாதன், கே.என். நாயர் ஆகியோருடன் இணைந்து 1982இல் இவ்வட்டார வேறுபாடுகளை ஹாரிஸ் விரிவாக எழுதினார்.

இச்சான்றைத் திறந்த மனத்தோடு நோக்கினும் ஓர் ஐயம் எழுகிறது. கேரளம் மாட்டிறைச்சியைப் பரவலாக உண்ணும் நிலம். மாட்டு வணிகம் அங்கு வெளிப்படையாகவே நிகழ்வது. எனவே கன்றுகளின் குறைவுக்கு இறைச்சிச் சந்தையும் பங்களித்திருக்கலாம். எருமையை ஒப்பிடுவது இதனினும் வலுவான சோதனை. எருமைக்குப் புனிதம் இல்லை. அக்காலத்து உத்தரப்பிரதேசத்தில் மாட்டினத்தில் ஆணும், எருமையினத்தில் பெண்ணும் மிகுந்திருந்தன. ஒரே உழவர், ஒரே சமயம், ஒரே ஊர். எருதை ஏருக்கும் எருமையைப் பாலுக்கும் வைத்திருந்த பயன்பாடே விகிதத்தைத் தீர்மானித்தது. ஹாரிஸின் வாதத்துக்கு இவ்வொப்பீடு கேரளச் சான்றினும் உறுதியான துணை.

மறுப்புகள்

எதிர்ப்பு பல திசைகளிலிருந்து வந்தது. பொருளியலாளர் ஆலன் ஹெஸ்டன் 1971இல், மாட்டின் பயன்களை மறுக்காமலேயே, அதே எண்ணிக்கை எருதுகளை மிகக் குறைந்த பசுக்களைக் கொண்டு பெறலாம் என வாதிட்டார். நன்கு தீவனமிட்டால் ஏறத்தாழ 3 கோடிப் பசுக்கள் மிகை என்பது அவர் கணிப்பு. யார் மாட்டை நீக்குவது என்று ஹாரிஸ் திருப்பிக் கேட்டார். மிகை எனக் கணிக்கப்படும் பசுக்கள் பெரும்பாலும் ஓரிரு மாடு மட்டுமே வைத்திருக்கும் ஏழை உழவருடையவை; நாட்டளவில் மிகை எனத் தோன்றுவது குடும்பத்தளவில் ஒரே முதலீடாக இருக்கும். இந்த விடையே இவ்விவாதத்தின் மிகக் கூர்மையான தருணம் எனலாம்.

இந்தியப் பொருளியலாளரும் இதில் இறங்கினர். வி.எம். தாண்டேகரும் கே.என். ராஜும் 1969–71 காலகட்டத்தில் மாட்டின் எண்ணிக்கை, தீவனம், பாலின விகிதம் ஆகியன குறித்து விவாதித்தனர். புவியியலாளர் ஃபிரெடரிக் சிமூன்ஸ் 1979இல், சமய நம்பிக்கைக்குத் தனித்த ஆற்றல் உண்டு என்பதை ஹாரிஸ் காணத் தவறினார் எனக் குறைகூறினார். ஆஸ்டெக்கு நரபலியைப் புரதப் பற்றாக்குறையால் விளக்கும் முயற்சியை ஹாரிஸ் 1977இல் மேற்கொண்டபோது, மார்ஷல் சாலின்ஸ் 1978இல் கடுமையாகத் தாக்கினார். பண்பாடு பொருள்களுக்கு அர்த்தம் தருகிறது. எது பயன் என்பதையே பண்பாடுதான் வரையறுக்கிறது என்பது சாலின்ஸின் அடிப்படை நிலை.

வரலாற்று நோக்கில் எழும் வினா வேறொன்று. 1966ஆம் ஆண்டுக் கட்டுரை, விலக்கு எவ்வாறு நீடிக்கிறது என்பதற்கே விடை தந்தது. எவ்வாறு தோன்றியது என்பதற்கன்று. 1977இல் ஹாரிஸ் தோற்றத்தையும் விளக்க முயன்றார். வேதகாலத்தார் மாட்டைப் பலியிட்டு உண்டனர். கங்கைச் சமவெளியில் மக்கள்தொகை பெருகி மேய்ச்சல் நிலம் சுருங்க, இறைச்சி விலைமிக்கதாயிற்று. இறுதியில் கொல்லாமை அறமாயிற்று என்றார். வேதகால மாட்டிறைச்சி உணவைப் பின்னர் டி.என். ஜா 2001இல் வெளியிட்ட நூலில் நூற்சான்றுகளோடு நிறுவினார். ஆயின் மக்கள்தொகை அழுத்தம் பிற நாடுகளிலும் நேர்ந்தது. அங்கெல்லாம் பசு தெய்வமாகவில்லையே என்னும் வினாவுக்கு அடிக்கட்டுமானத்தை மட்டும் கொண்டு நிறைவான விடை கூறுதல் அரிது.

டிராக்டர் வந்த பின்

ஒரு கோட்பாட்டின் தகுதியை அது எழுதப்பட்ட காலத்துக்குப் பின் நிகழ்ந்தவற்றால் சோதிப்பதே நேர்மையான வழி. ஹாரிஸின் வாதம் எருதின் மேல் நின்றது. 1951ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் வளர்ந்த மாடுகளில் ஆணே மிகுதி. அடுத்த எழுபது ஆண்டுகளில் டிராக்டர், மின்மோட்டார், சரக்கு வாகனம் ஆகியன எருதின் இடத்தைப் பிடித்தன. கலப்பினப் பசுவும் கூட்டுறவுப் பால்பண்ணையும் பசுவின் மதிப்பை உயர்த்தின. அடிக்கட்டுமானம் தலைகீழாக மாறியது. 2012இல் 6.79 கோடியாக இருந்த ஆண்மாடுகள் 2019இல் ஏறத்தாழ 4.74 கோடியாகக் குறைந்தன. அதே இடைவெளியில் பெண்மாடுகள் 12.3 கோடியிலிருந்து 14.51 கோடியாகப் பெருகின. ஏழே ஆண்டுகளில் ஆண்மாடுகளின் சரிவு 30 விழுக்காடு. உழவர் வாயால் என்ன கூறினும், தொழுவம் பயனைப் பின்பற்றும் என்ற ஹாரிஸின் கணிப்பு இங்கு வியக்கத்தக்க அளவு மெய்ப்பட்டுள்ளது.

2017இல் தமிழகத்தில் எழுந்த சல்லிக்கட்டுப் போராட்டத்திலும் இத்தகு வாதம் ஒலித்தது. காளையை வளர்க்க ஒரு காரணம் இல்லாவிடில் காங்கேயம், புலிக்குளம் போன்ற நாட்டினங்களின் காளைக்கன்றுகள் இறைச்சிக்கே செல்லும். விளையாட்டே அக்காரணத்தைத் தருகிறது என்று போராடியோர் கூறினர். ஹாரிஸின் பெயரை அறியாமலேயே அவரது தருக்கம் அங்குக் கையாளப்பட்டது.

ஆயின் மேற்கட்டுமானத்தின் கதை வேறு. எருதின் பயன் குன்றினால் அதன் காப்பும் தளர வேண்டும் என்பதே கோட்பாட்டின் இயல்பான எதிர்பார்ப்பு. நடந்தது எதிர்மாறானது. இந்திய அரசியலமைப்பின் 48ஆம் உறுப்பு பசு, கன்று, பிற கறவை மாடுகள், இழுவை மாடுகள் ஆகியவற்றின் கொலையைத் தடுக்குமாறு அரசுக்கு வழிகாட்டுகிறது. அதன் வாசகம் சமயத்தைச் சுட்டாமல், வேளாண்மையையும் கால்நடை வளர்ப்பையும் நவீன, அறிவியல் முறையில் அமைத்தல் என்னும் பொருளியல் மொழியில் அமைந்துள்ளது. 1958இல் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம், பசுவதை முழுத் தடை செல்லும் என்றது. ஆனால் உழைக்கும் ஆற்றல் இழந்த எருதைக் கொல்லத் தடைவிதிப்பது பொதுநலனுக்கு உகந்ததன்று என்றது. 2005இல் எழுவர் அமர்வு, குஜராத் சட்டத்தை ஏற்று அந்நிலையை மாற்றியது. முதிய எருதும் சாணத்தாலும் சிறுநீராலும் பயன்தருகிறது என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. மகாராட்டிரம் 2015இல் எருதுக்கும் தடையை விரித்தது. குஜராத் 2017இல் ஆயுள்தண்டனை வரை விதித்தது. எருது உழவிலிருந்து விலகிய அதே பத்தாண்டுகளில் அதற்கான சட்டக் காப்பு இறுகியது. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆதரவற்றுத் திரியும் மாடுகள் 50 லட்சத்துக்கும் மேல்.

மேற்கட்டுமானம் காலந்தாழ்ந்தே மாறும் என்று ஹாரிஸின் வழியினர் விடை கூறலாம். ஆனால் இங்குக் காண்பது தாமதம் மட்டுமன்று, எதிர்த்திசைச் செலவு. ‘நெடுங்காலத்தில்’ என்னும் சொல்லுக்கு எல்லை வகுக்கப்படாவிடின் எந்தச் சான்றும் கோட்பாட்டைப் பொய்ப்பிக்க இயலாது. தொழுவத்தை விளக்க அடிக்கட்டுமானம் போதும். சட்டமன்றத்தை விளக்க வாக்கும், சமய அடையாளமும், அதிகாரப் போட்டியும் வேண்டும். சாணத்தின் பயன் என்ற புறநோக்குக் கணக்கு, நீதிமன்றத்தில் அகநோக்கு விலக்குக்கு அரணாகப் பயன்பட்டதும் நினையத்தக்கது. பயன் பற்றிய கணக்கு நடுநிலையாக நிற்பதில்லை. அதனைக் கையிலெடுப்போரின் நோக்கத்துக்கும் அது ஆட்படும்.

எவருக்குப் பயன்?

இறந்த மாட்டைப் பற்றி ஹாரிஸ் எழுதியவை அவரது கணக்கின் இறுதி வரி எனலாம். கொல்லாமை விதியால் மாட்டிறைச்சி வீணாவதில்லை. இறந்த மாட்டைத் தீண்டத்தகாதோர் எனப்பட்ட சாதியினர் எடுத்துச் செல்கின்றனர், இறைச்சியை உண்கின்றனர், தோலைப் பதனிட்டுப் பெரும் தோல்தொழிலை நடத்துகின்றனர். உயர்சாதியினர் உண்ணாமையால் அப்புரதம் வறியோர்க்குக் குறைந்த விலையில் கிட்டுகிறது என்றும் அவர் கூறினார். ஆற்றல் கணக்கில் இது பிழையற்றது. எதுவும் வீணாகாத ஒரு சுழற்சி அவர் கண்முன் தெரிந்தது.

இதே சுழற்சியை உள்ளிருந்து கண்டவர் பி.ஆர். அம்பேத்கர். 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதைக் கைவிடுமாறு அவர் தம் மக்களை வேண்டினார். 1948இல் வெளியிட்ட தீண்டத்தகாதோர் குறித்த நூலில், பௌத்தத்துக்கும் பிராமணியத்துக்கும் இடையிலான மோதலில் பசு புனிதமாக்கப்பட்டது; மாட்டிறைச்சி உண்பதை விடாத சிதறுண்ட மக்கள் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர் என்னும் கருதுகோளை முன்வைத்தார். வரலாற்றறிஞர் எல்லோரும் அதனை ஏற்கவில்லை. எனினும் அது எழுப்பிய வினா ஹாரிஸின் வினாவினும் ஆழமானது: விலக்கினால் எவர் உயர்ந்தார், எவர் தாழ்ந்தார் என்பதே அது.

1956 அக்டோபரில் நாகபுரியில் பௌத்தம் தழுவியபோது ஆற்றிய உரையில் அம்பேத்கர் ஒரு செய்தியை நினைவுகூர்ந்தார். மகார் மக்கள் இறந்த மாட்டைத் தூக்க மறுத்ததால் கொம்பு, குளம்பு, எலும்பு, தோல் ஆகியவற்றின் வருவாயை இழக்கின்றனர் என்று மராத்தி இதழொன்றில் ஒருவர் கணக்கிட்டு எழுதியிருந்தார். அவ்வளவு வருவாய் உண்டெனில் அதனைக் கணக்கிட்டவரின் சாதியினரே அத்தொழிலை ஏற்கட்டும், அதற்கு மேற்கொண்டும் தாம் தொகை தருவதாக அம்பேத்கர் விடையிறுத்தார். ஹாரிஸின் கட்டுரை வருவதற்குப் பத்தாண்டுகள் முன்பே, பயன் என்னும் கணக்குக்கு மானம் என்னும் மறுகணக்கு எழுந்துவிட்டது.

2016 சூலை 11 அன்று குஜராத்தின் ஊனா அருகே மோட்டா சமாதியாலா ஊரில், இறந்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த தலித் இளைஞர்கள் பசுக்காவலர் எனக் கூறிக்கொண்டோரால் கடுமையாகத் தாக்கப்பட்டனர். அதன் எதிரொலியாக மாநிலத்தின் பல இடங்களில் தலித்துகள் இறந்த மாடுகளை அகற்ற மறுத்தனர். சுரேந்திரநகரில் மாட்டு உடல்களை அரசு அலுவலகத்தின் முன் கொணர்ந்து கிடத்தினர். உடல்கள் ஆங்காங்கே அழுகின. ஆற்றல் சுழற்சி என ஹாரிஸ் வரைந்த படத்தில் ஒரு கண்ணி தானாக நிகழவில்லை. அது சாதியால் கட்டாயப்படுத்தப்பட்ட மனித உழைப்பு என்பது அன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

கோட்பாட்டுக் கருவியின் குறை இங்குதான் வெளிப்படுகிறது. உழவரின் அகநோக்கு விளக்கத்தை ஹாரிஸ் ஐயுற்றது சரியே. கன்றைப் பற்றி உழவர் கூறியது உண்மை நிலையை மறைத்தது. ஆனால் எல்லா அகநோக்கும் மறைப்பதற்காகவே எழுவதன்று. தோலுரிப்போர் தம் தொழிலைப் பற்றிக் கூறுவது அமைப்பின் செலவுக் கணக்கு. அது புறநோக்கு அளவையில் சேராத எண். அதனைக் கூட்டாமல் ‘தகவமைவு’ என்று முடிவுரைத்தால், தகவமைந்தது எவர் என்ற கேள்வி விடுபடுகிறது. மொசாம்பிக்கில் வலிந்து பெறப்பட்ட உழைப்பைக் கண்டு வெகுண்ட ஹாரிஸ், இந்தியத் தொழுவத்துக்கு அப்பால் நிகழ்ந்த அதே வகை உழைப்பைப் பயனாகக் கணக்கிட்டது அவர் நூல்களைப் படிப்போர் ஊன்றிக் கருதவேண்டிய முரண்.

முடிவுரை

பண்பாட்டுப் பொருள்முதல்வாதம் இந்திய ஆய்வுக்கு ஆற்றிய தொண்டு மறக்கத்தக்கதன்று. புனிதம் என்னும் ஒரு சொல்லால் மூடப்பட்டிருந்த பொருளை எண்ணவும் எடைபோடவும் அது கற்பித்தது. ஏழை உழவரின் செயலை மூடத்தனம் என இகழ்ந்த அறிக்கைகளுக்கு எதிராக, அச்செயலில் அறிவு உண்டு என நிறுவியது. மாடுகளின் பாலின விகிதம் இன்றும் அதன் விதியையே பின்பற்றுகிறது.

எனினும் இவ்வாய்விலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அடிக்கட்டுமானம் மாறியபின் விலக்கு தளராமல் இறுகியதால், நம்பிக்கையும் சட்டமும் தமக்கெனத் தனித்த வரலாறு உடையவை என ஏற்கவேண்டும். இரண்டாவது, ஒரு வழக்கத்தின் பயனைக் கணக்கிடும் ஆய்வாளர், அப்பயனின் விலையைச் செலுத்தியோரின் கூற்றையும் சான்றாகச் சேர்க்கவேண்டும். தமிழ்ச் சூழலில் தோல், பறை, இறப்புச் சடங்கு, ஊர்த்தொழில் ஆகியவற்றை ஆராய முற்படுவோர்க்கு இவ்விரண்டாம் முடிவு தனிப்பயன் உடையது. ஹாரிஸ் தந்த அளவுகோலைக் கைவிட வேண்டுவதில்லை. அம்பேத்கரின் வினாவை அதனோடு சேர்த்தே பயன்படுத்த வேண்டும்.